சாக்கில் கட்டி வைத்த 45 கிலோ

கோயம்புத்தூரில் ஒரு மில்லில் 31 வருஷம் கணக்கு எழுதிவிட்டு, ஓய்வு பெற்றதும் கோத்தகிரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் மூன்று படிகளாக வெட்டிய 4 சென்ட் இடம் சும்மா கிடந்தது. எதிர்ச் சரிவு முழுக்க உருளைக்கிழங்கு. சமையலறைக் கூடையிலேயே தானாக முளைக்கிற கிழங்குதானே, புதைத்தால் வராமல் எங்கே போகும் என்று நானும் இறங்கினேன். முழுசாக ஒரு வருஷமும் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போன பிறகுதான், நடுவதற்கு முன்பு கிழங்கை முளைக்க வைப்பதே தனி வேலை என்பது மண்டையில் ஏறியது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நானும் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

மலையில் உருளைக்கு மூன்று போகம். மார்ச், ஏப்ரலில் நடுவது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போடுவது நீர்போகம். நான் ஆரம்பித்தது கார்போகத்தில். மார்ச் கடைசியில் காய்கறிக் கடையில் கிலோ 40 ரூபாய்க்கு 12 கிலோ வாங்கினேன். சமையலுக்கு விற்கிற கிழங்குதான். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரிந்து வந்தது. புத்தம் புதுசு என்று சந்தோஷப்பட்டு, ஏப்ரல் 10ஆம் தேதி ஒரு சென்ட்டில் நட்டேன்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றும் வெளியே வரவில்லை. விரலால் தோண்டிப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. முளையும் இல்லை, வேரும் இல்லை, அழுகலும் இல்லை. தினமும் காலையில் காபியோடு போய் அந்த வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பதையும் விட்டுவிட்டாள். மே மாத மழையில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே கூழாகிவிட்டது. ஏழு வாரம் கழித்து இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி வந்தது. 200 கிழங்கு நட்டதில் 70 செடி இருந்தால் அதிகம். கடைசியில் தோண்டி எடுத்தது 19 கிலோ.

அந்தத் தோல்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தோண்டி எடுத்த கிழங்கு உடனே முளைக்காது. இரகத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று மாதம் தூங்கும். அந்தத் தூக்கத்தில் தண்ணீர் ஊற்றினாலும் உரம் போட்டாலும் அதற்கு உறைக்காது. விரல் பட்டு உரிகிற தோல் என்றால் கிழங்கு மண்ணை விட்டு வந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். குழம்புக்கு அது நல்லது, விதைக்கு ஆகாது. அதனால் விதை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, ‘இதைத் தோண்டி எத்தனை நாள் ஆச்சு?’ என்பது. பதில் சரியாக வரவில்லையென்றால் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் அக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறாள். சமவெளியில் உருளை போட வேண்டியது அக்டோபர், நவம்பரில். அப்போது அவள் கடையில் வாங்கிய கிழங்கு இரண்டு மாதமாகியும் கண் திறக்கவில்லை. அது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம். வடக்கே குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் வைத்து விற்கிற சமையல் கிழங்குக்கு, முளைக்காமல் இருக்க குளோர்புரோபாம் என்ற மருந்தைப் புகையாகப் போடுவது வழக்கம். அப்படி மருந்து வாங்கிய கிழங்கு நீங்கள் என்ன கெஞ்சினாலும் ஒழுங்காக முளைக்காது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சமையல் கிழங்கை விதைக்கு வைப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரிதான்.

சரி, இரண்டாவது தடவைக்கு வருகிறேன். எனக்குச் சொல்லவே வெட்கமாக இருப்பது இதுதான். முதல் அனுபவத்தில் ரோஷம் வந்து, கடைபோகத்துக்கு நல்ல விதையாகவே வாங்குவது என்று முடிவு செய்தேன். நீர்போகக் கிழங்கை மே இரண்டாவது வாரம் தோண்டி வைத்திருந்த ஒரு விவசாயியிடம் ஜூன் 20 வாக்கில் ஒரு மூட்டை வாங்கினேன். குப்ரி ஜோதி இரகம், 45 கிலோ, கிலோ 55 ரூபாய். குப்ரி என்பது சிம்லா பக்கத்து மலை ஊர். இந்த இரகம் 1968இல் வெளியானது, இன்றும் இங்கே பலர் போடுகிறார்கள். விதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாம் கோழிமுட்டை அளவு, தோல் கெட்டி. கெடுத்தது நான்.

கிழங்கை இருட்டில் வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம் இல்லையா? வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும் என்று. அந்தப் பாடத்தை அப்படியே விதைக்கும் போட்டேன். விறகு வைக்கிற அறையில், ஜன்னல் இல்லாத மூலையில், சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிச் சாய்த்து வைத்துவிட்டு அதை மறந்தே போனேன். ஜூலை முழுக்க மழையும் பனிமூட்டமும். அந்த அறைக்குள் போனால் சட்டையே ஈரமாகிவிடும்.

ஆகஸ்ட் 28ஆம் தேதி நடலாம் என்று சாக்கைத் தூக்கினேன். தூக்க வரவில்லை. அடியில் சாக்கின் கண்ணிகள் வழியாக வெள்ளை வெள்ளையாக முளைகள் வெளியே வந்து தரையோடு படர்ந்திருந்தன. வாயைத் திறந்தால் உள்ளே கிழங்கே தெரியவில்லை. ஒரு சாண் நீளத்துக்கு வெளுத்த முளைகள், சேமியாவை வேகவைத்துக் கொட்டிய மாதிரி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு கிழங்கைப் பிடித்து இழுத்தால் நாலு கிழங்கின் முளை ஒடிந்தது. சடக், சடக் என்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நடுவில் அழுகி ஒழுகிய கிழங்குகள் ஏழெட்டு, அவற்றின் நாற்றம் மொத்த மூட்டைக்கும் ஏறியிருந்தது. ஒடியாமல் தப்பிய சில முளைகளின் மேலேயே சுண்டைக்காய் அளவில் குட்டிக் கிழங்குகள் காய்த்திருந்தன. அது ஏதோ அதிசயம் என்று நினைத்து வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். கிழங்கு கிழடாகிவிட்டது, இலை விடுவதற்குப் பதிலாகத் தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தைக் குட்டியாக்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டதை நட்டால் பெரும்பாலும் செடி வராது. மண்ணுக்குள் அந்தக் குட்டிதான் இருக்கும். நான் அதையும் நட்டேன்.

அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. கழிவு போக மிச்சம் இருந்தது 3 சென்ட்டுக்குப் போதாது போலத் தெரிந்ததால், பெரிய கிழங்குகளை இரண்டாக வெட்டினேன். அழுகலைச் செதுக்கிய அதே கத்தி. வெட்டிய அன்றைக்கே ஈர மண்ணில் நடவு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது, அதாவது முளை கிளம்புகிற குழியாவது, இருக்க வேண்டும், வெட்டுவாய் காய்ந்து தோல் போலப் பிடிக்க இரண்டு மூன்று நாள் நிழலில் விட வேண்டும், ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைச் சுத்தம் செய்ய வேண்டும். மலையில் மழைக்காலத்தில் வெட்டவே கூடாது என்பது என் கட்சி. முழுக் கிழங்கு விலை கூடத்தான். ஆனால் அழுகின துண்டுக்கு விலையே கிடையாது.

மில்காரன் என்பதால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விதை 2,475 ரூபாய். மண் கொத்திப் பாத்தி பிடிக்க இரண்டு ஆள், இரண்டு நாள், 2,800. ஒரு வண்டி சாணி எரு 3,500. உரம் 600. மருந்து 450. மொத்தம் 9,825. அக்டோபர் மழையில் இலைக்கருகல் வேறு வந்தது. ஏற்கெனவே நோஞ்சானாக நின்ற செடிகள், மேன்கோசெப் என்ற பூஞ்சை மருந்து அடித்தும் பாதி கருகிப்போயின. டிசம்பர் கடைசியில் தோண்டினால் 62 கிலோ. அன்றைக்குக் கடை விலை 40 ரூபாய் என்று வைத்தால் 2,480. விதை வாங்கிய காசுக்கு மேல் 5 ரூபாய் லாபம்! ராத்திரி நோட்டை மூடிவிட்டு, இனிமேல் தோட்டம் வேண்டாம், டிவி பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றே தீர்மானித்தேன்.

தோண்டிய மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்ன தம்பி, கிழங்கு எப்படி?” என்றார். அவருக்கு எண்பது இருக்கும், எனக்கு அறுபது தாண்டியும் இன்னும் தம்பிதான். கூச்சத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு என்று சொன்னதுமே கையை உயர்த்தி நிறுத்தினார். “கிழங்குக்கும் மூச்சு முட்டும் தம்பி. நம்மளை இருட்டு ரூம்ல சாக்குல கட்டிப் போட்டா சும்மா இருப்போமா? எங்கடா வெளிச்சம்னு தேடிக்கிட்டுதானே வெளியில வருவோம்?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆறு மாசம் முன்னால் இதே வேலியில் இதைக் கேட்டிருந்தால் 9,825 மிச்சம்.

அன்று அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். திண்ணை மாதிரி ஒரு நீண்ட கொட்டகை, மேலே கூரை, பக்கவாட்டில் வெளிச்சம். மூங்கில் தட்டிகளில் அடுக்கடுக்காக விதை பரப்பியிருந்தது. ஒரு தட்டில் ஒரு கிழங்கு உயரம், அதிகம் போனால் இரண்டு. நேர் வெயில் எங்கும் படவில்லை. ஆனால் நின்றுகொண்டு பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். பரவலான வெளிச்சத்தில் விதை வைக்கிற இந்த முறையை பெரு நாட்டு லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் பல நாடுகளில் பரப்பியிருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவருக்கு லிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மூன்றாவது தடவை, அடுத்த கார்போகத்துக்கு, நடவு தேதியை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். இதுதான் நான் கற்ற முக்கியமான பழக்கம். ஏப்ரல் 5 நடவு. முளை உருவாக ஆறு வாரம், அப்படியென்றால் பிப்ரவரி 20க்குள் தட்டில் ஏற வேண்டும். அதற்கு முன் தூக்கம் தெளிய எட்டு வாரம், எனவே டிசம்பர் கடைசியில் தோண்டிய கிழங்கு வேண்டும். ஜனவரி மூன்றாவது வாரம் அப்படிப்பட்ட விதை 45 கிலோ கிடைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே சாக்கைப் பிரித்துக் கொட்டி, அடிபட்டது, அழுகினது, கண்ணோரத்தில் கறுப்பாகப் புழுக்கை ஒட்டியிருந்தது எல்லாவற்றையும் தள்ளினேன். அந்தப் புழுக்கை, கிழங்கு அந்துப்பூச்சி உள்ளே இறங்கிவிட்டதற்கு அடையாளம். ஒன்றை விட்டால் தட்டு முழுக்கப் பரவும். பெரியவர் சொன்னபடி, காய்ந்த உண்ணிச்செடி இலையைக் கிழங்குக்கு அடியிலும் மேலே லேசாகவும் தூவினேன். உருளை விளைகிற வேறு ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. நம் மலையில்தான் உண்ணிச்செடிக்குப் பஞ்சமே இல்லையே.

தட்டிக்குப் பதிலாக நான் பிடித்தது முட்டை அட்டை. மளிகைக் கடையில் ஒன்று 2 ரூபாய். ஓர் அட்டையில் 30 குழி, ஒரு குழிக்கு ஒரு கிழங்கு, 30 அட்டையில் 900 கிழங்கு. அறுபது ரூபாயில் வேலை முடிந்தது. கிழங்கை எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் கொடியிலிருந்து பிரிந்த தழும்பு இருக்கும். அதற்கு எதிர்முனையில் கண்கள் நெருக்கமாகக் கூட்டமாக இருக்கும். அந்தக் கண் முனை மேலே பார்க்க வேண்டும். அட்டைகளைத் திண்ணையில், வடக்குப் பக்க ஜன்னல் ஓரமாக அடுக்கினேன். வாரம் ஒரு தடவை அட்டையைத் திருப்பி வைப்பேன், ஒரே பக்கம் வெளிச்சம் வாங்கினால் முளை சாய்ந்துவிடுகிறது.

பத்து நாளில் உச்சியில் ஒற்றை முளை எட்டிப் பார்த்தது. அதை அப்படியே விட்டால் அதுவே நாட்டாமை ஆகி மற்ற கண்களை எழ விடாது, செடியும் ஒற்றைத் தண்டாக வரும். பெரியவர் நகத்தால் அதைத் தட்டிவிடச் சொன்னார். ஆசையாக வளர்த்ததை நானே கிள்ளிப் போடுவதற்கு மனசு வரவில்லை. பாதி அட்டைகளில் மட்டும் கிள்ளினேன். கிள்ளிய கிழங்குகளில் இரண்டு வாரத்தில் மூன்று, நாலு கண்கள் சேர்ந்து எழுந்தன. கிள்ளாதவற்றில் இரண்டைத் தாண்டவில்லை. விதை ரொம்பப் பழசாக இருந்தால் மட்டும் கிள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்து வருகிற முளை இளைத்துக்கொண்டே போய், கடைசியில் தலைமயிர் மாதிரி வரும். அதை நடுவது வீண்.

மார்ச் கடைசியில் ஒரு முளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், என் சுண்டுவிரல் பருமன். அடியில் கருஞ்சிவப்பு, நுனியில் பச்சையாக இலை சுருண்டு இருந்தது. அடிப்பாகத்தைச் சுற்றி ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். அவை வேர் மொட்டுகள், மண்ணைத் தொட்டதும் நீளத் தயாராக நிற்கிறவை. அட்டையைக் கவிழ்த்தாலும் அந்த முளை ஒடியவில்லை. சாக்கில் வந்த சேமியாவும் இதுவும் ஒரே இரகம், கிட்டத்தட்ட ஒரே வயது. இடையில் இருந்த வித்தியாசம் ஒரு ஜன்னல்தான்.

கிழங்கின் தோலும் வெளிச்சத்தில் பச்சையாகிவிட்டது. விதைக்கு அது கெடுதல் இல்லை, சொல்லப்போனால் எளிதில் அழுகாது. ஆனால் அதைச் சாப்பிடக் கூடாது. பச்சை படிந்த கிழங்கிலும் முளையிலும் சோலனின் என்ற நச்சு ஏறியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. இதை நான் வீட்டில் சொல்லி வைக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒரு நாள், “இவ்வளவு கிழங்கு முளைச்சு வீணாப் போகுதே மாப்பிள்ளை” என்று ஓர் அட்டையை எடுத்து முளையெல்லாம் கிள்ளிவிட்டுத் தோல் சீவிக்கொண்டிருந்தார்! நல்ல வேளையாக அடுப்பில் ஏறவில்லை. 30 முளைத்த கிழங்கு போயிற்று, பொரியலுக்கு வாழைக்காய் வாங்கி வந்தோம். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிற வீட்டில் அட்டை மேல் ‘விதை’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

நடவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றரை அடி வரிசை, அடிக்கு ஒரு கிழங்கு, நாலு அங்குல ஆழம், முளை மேல் நோக்கி. கிழங்கைக் கூடையில் கொட்டி எடுத்துப் போகாமல் அட்டையோடு கொண்டு போங்கள். 13ஆம் நாள் முதல் இலை தெரிந்தது. மூன்று வாரத்தில் 3 சென்ட்டும் ஒரே உயரத்தில் நின்றது. செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைத்தோம். ஜூலை கடைசியில் 190 கிலோ எடுத்தோம். நடுப்படியில் ஒரு வரிசையை முள்ளம்பன்றி தின்றுவிட்டது, அது போகத்தான் இந்த 190. கிள்ளிய பகுதியில் எண்ணிக்கை அதிகம், அளவு நடுத்தரம். கிள்ளாத பகுதியில் கிழங்கு குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கை நிறைய. வீட்டுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை.

அந்தச் சந்தோஷத்தில் அக்காவுக்கு 5 கிலோ விதை கொண்டு போகக் கட்டி வைத்திருந்தேன். பெரியவர்தான் தடுத்தார். நீலகிரி மண்ணில், உருளையின் வேரைத் தாக்குகிற முட்டைக்கூடு நூற்புழு இருப்பது 1961இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது புது இடத்துக்குப் போகும், போனால் செடியே இல்லாமல் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகப் பல பத்தாண்டுகளாகவே கட்டுப்பாடு இருக்கிறது. பூந்தொட்டிக்குத்தானே என்று அக்கா கோபித்துக்கொண்டாள். சமைக்க மட்டும் கழுவித் துடைத்து 10 கிலோ கொடுத்தேன், அதில் ஒன்றையும் நட்டுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

இந்த வருஷத்துக்கான விதை போன வாரம் வந்து சேர்ந்தது. சாக்கை அன்றைக்கே பிரித்து உதறி, வெயிலில் காயப்போட்டு, மடித்துப் பரணில் போட்டாயிற்று. தினசரி காலண்டரில் பிப்ரவரி 20ஆம் தேதித் தாளில் ‘கிழங்கை அட்டையில் ஏற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தினமும் தாள் கிழிப்பது என் மனைவியின் வேலை. அவள் அதற்குக் கீழே, ‘அம்மா வருகிறாள், அட்டையில் பெயர் எழுது’ என்று சேர்த்திருக்கிறாள்.